மஃரிப் பாங்கும் மைதானத்துப் பந்தும்



அன்பிற்குரிய பெற்றோர்களே! பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் செய்த ஒரு தவறை முன்வைத்தே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. மில்லர்புரத்தில் அஸருக்குப் பின் நடைபெறும் எங்கள் மக்தப் வகுப்பில் அன்று பாதிப் பிள்ளைகளைக் காணவில்லை. விசாரித்தபோது, ஒரு வீட்டுத் திண்ணையில் கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிய வந்தது. மஃரிப் பாங்கு ஒலித்தது. அப்போதும் ஒருவரும் எழுந்து வரவில்லை. மறுநாள் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தோம். அவர்கள் விளையாடும் பந்தையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

அன்று அவர்கள் பார்த்த ஆட்டம் எது என்பதைப் பிறகுதான் அறிந்தோம். ஐ-லீக் 2018-19 சீசனின் கடைசி நாள் அது. சென்னை சிட்டி அணி, தன் தாயகமான கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் அணியைச் சந்தித்தது. அதே நேரத்தில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் மோதியது. அதுவரை சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று வென்றுவிட்டது. ஆகவே கோவையில் ஆட்டம் சமநிலையில் முடிந்திருந்தால்கூடக் கோப்பை கைநழுவிப் போயிருக்கும். அங்கோ மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வா முந்திக்கொண்டது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பின்னர் தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். 3-1. இருபது ஆட்டங்களில் 13 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி என்று 43 புள்ளிகளுடன், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், தமிழகத்து அணி ஐ-லீக் பட்டத்தை முதன்முறையாக வென்றது.

ஸ்பெயினின் கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடிவந்த சிலரையும், இந்திய இளைஞர்களையும், நம் தமிழ்ப் பிள்ளைகளையும் ஒன்றுசேர்த்து இந்த அணியை உருவாக்கியவர் சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ். பெரும் செல்வம் படைத்த அணி அல்ல. ஒவ்வொரு வாரமும் ஒழுங்காக ஆடியதன் பலனே அந்த ஒரு புள்ளி. குறைவாக இருப்பினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்ற நபிமொழியைப் பிள்ளைகளுக்கு விளக்க, இதைவிட எளிய உதாரணம் நமக்கு வாய்க்குமா? அவர்கள் கண்ணெதிரே அது நடந்தது. நாங்களோ பந்தைப் பூட்டிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பந்துக்குரிய பையனுக்கு அப்போது பதின்மூன்று வயது. முப்பதாம் ஜுஸ்உவில் பாதியை மனனம் செய்திருந்தான். மறுவாரம் முதல் அவன் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவனுடைய வாப்பாவை ஜும்ஆவில் சந்தித்தோம். "ஹஜ்ரத், பந்தைத் திருப்பிக் கொடுத்தால் போவாயா என்றுகூடக் கேட்டுப் பார்த்துவிட்டேன். வரமாட்டேன் என்கிறான்" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

விளையாட்டை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னை அவர்கள் மனம் நிறையும்வரை பார்க்க அனுமதித்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தின் காயல்பட்டினத்திலேயே ஐக்கிய விளையாட்டுச் சங்கத்தார் மவ்லானா அபுல் கலாம் ஆஸாத் நினைவாக அகில இந்தியக் கால்பந்துப் போட்டியை நடத்தி வருகின்றனர். மார்க்கப் பற்று மிகுந்த அவ்வூரில் பள்ளிவாசலும் மைதானமும் ஒன்றுக்கொன்று பகையாகவில்லை.

அப்படியானால் மஃரிபைத் தவறவிட்டது சரியா? ஒருபோதும் இல்லை. தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை. கோப்பைக்காகக்கூட அதைத் தள்ளிவைக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் தொழுகை நேரத்தை மாற்ற முடியாது என்பதாலேயே, மாற்றக்கூடிய மற்ற நேரங்களை மாற்றுவது பெரியவர்களாகிய நம் பொறுப்பாகிறது. 2021 ஏப்ரலில், ரமலான் மாதத்தில், இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி, கிரிஸ்டல் பேலஸ் அணிகள் மோதின. லெஸ்டரின் வெஸ்லி ஃபொஃபானா நோன்பு வைத்திருந்தார். இரு தரப்பும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தபடி, சூரியன் மறைந்ததும் கோல் கிக் எடுப்பதைச் சற்று நிறுத்தி, அவர் நோன்பு திறக்க வழிவிட்டனர். முஸ்லிம் அல்லாதவர்கள் நடத்தும் ஆட்டத்தில் இது இயலுமென்றால், நம் தெருவில் ஏன் இயலாது?

பள்ளிக்கூடம் விட்டு நாலரை மணிக்கு வரும் பிள்ளைக்கு வெளிச்சத்தில் விளையாடக் கிடைப்பது ஒன்றரை மணி நேரமே. அந்த நேரத்திலேயே வகுப்பையும் வைத்துவிட்டு, பந்தின் மீது பழி போட்டோம். அவ்வாண்டே வகுப்பை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே மாற்றினோம். பாங்குக்குப் பத்து நிமிடம் முன்னதாக ஆட்டத்தை முடித்து, ஒளூச் செய்து, ஜமாஅத்தில் நின்று, அப்படியே ஓத அமர வேண்டும் என்பதே ஏற்பாடு. மைதானத்தில் பெரியவர் ஒருவர் முறைவைத்து நிற்பார். அல்ஹம்துலில்லாஹ், மஃரிப் ஸஃப்பில் சிறுவர்கள் கூடினார்கள்.

பெற்றோர்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று இருக்கிறது. ஆட்டத்தின் முடிவின் மீது பணம் வைப்பது. மதுவோடு சேர்த்துச் சூதாட்டத்தையும் விலக்கிய ஸூரத்துல் மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள், அது பகையை மூட்டுவதையும் தொழுகையை விட்டுத் தடுப்பதையும் காரணங்களாகக் கூறுகின்றன. பணம் கட்டி விளையாடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டமியற்றித் தடை செய்தது. எனினும் சட்டம் வீட்டுக்குள் வந்து பிள்ளையின் கைப்பேசியைப் பார்க்காது. வாப்பாவும் உம்மாவும்தான் பார்க்க வேண்டும். பந்தைப் பூட்டுவது எளிது. பிள்ளையோடு அமர்ந்து பேசுவது கடினம். அன்று நாங்கள் எளிதானதைச் செய்தோம்.

ஐ-லீக்கை வென்ற அந்தச் சென்னை சிட்டி, 2021-22 சீசனின் அணிப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. துன்யாவின் கோப்பைகள் இவ்வளவுதான். ஆனால் பதின்மூன்று வயதில் மனத்தில் பதியும் குர்ஆன் மண்ணறை வரை கூட வரும். எனவே அதை ஒரு பந்தின் பொருட்டு ஒரு பிள்ளையிடமிருந்து நாமே பறித்துவிடக் கூடாது.

அந்தப் பையன் இன்று துறைமுகத்தில் வேலை செய்கிறான். ஜும்ஆவில் கண்டால் ஸலாம் சொல்வான். விட்ட இடத்திலிருந்து தொடரலாமே என்று இரண்டு முறை அழைத்தோம், புன்னகைத்தான், வரவில்லை. மீண்டும் அழைப்போம், இன்ஷா அல்லாஹ். நீங்களும் அவனுக்காகவும், எங்கள் பிழை பொறுக்கப்படவும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.