கோந்துக் கைகளும் கையுறைக் கைகளும்

ஊதிய ஒப்பந்த அரியர்ஸ் வந்தது. வீட்டில் ஆளுக்கொரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். நான் யாரிடமும் சொல்லாமல் அந்தப் பணத்தில் ஒரு ஏழு அங்குல இசைத்தட்டு வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. கஸ்டம்ஸ் வரி தனி. பிளாஸ்டிக் உறைக்குள் உறை போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

கல்லூரியில் படிக்கிற எங்க தெருப் பையன் ஒருத்தன் வந்தான். "அண்ணே, இதப் போடுங்கண்ணே, கேப்போம்" என்று கையை நீட்டினான்.

"டேய், தொடாதே" என்றேன்.

எந்த வார்த்தையைக் கேட்டு நம் பாட்டன்மார் கூனிக் குறுகி நின்றார்களோ, அதே வார்த்தை. என் வாயிலிருந்து. அவன் கையை இழுத்துக்கொண்டான். ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தட்டு என்ன தட்டு? அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்துப் பையன்கள் நாலு பேர் 1979இல் 'டீன் ஐடில்ஸ்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். பள்ளிப் படிப்பை முடித்தும் முடிக்காமலும் இருந்த வயசு. ஹார்ட்கோர் பங்க் என்கிறார்களே, மூச்சு விடுமுன் முடிந்துபோகிற வேகப்பாட்டு, அதன் ஆரம்பகாலக் குழுக்களில் ஒன்று. 1980 நவம்பரில் கலைந்தும் போனார்கள். கச்சேரிகளில் கிடைத்த காசைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் சேர்த்து வைத்திருந்தார்கள். கலையும்போதும் பிரித்துக்கொள்ளவில்லை. 'மைனர் டிஸ்டர்பன்ஸ்' என்று தட்டாகப் போட்டார்கள். 'டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ்' பிறந்தது இப்படித்தான். 1000 பிரதிகள். உறையைக் கத்தரித்து, மடித்து, கோந்து தடவி ஒட்டியதெல்லாம் அவர்களே. ஆயிரத்தையும் கையால்.

அட்டையில் பெருக்கல் குறி போட்ட கைகள். 1980இல் கலிஃபோர்னியாவுக்குப் பாடப் போனபோது, வயசு வராத பிள்ளைகளுக்குச் சாராயம் விற்கக் கூடாது என்பதற்காக விடுதியில் கையில் போட்டுவிட்ட அடையாளம் அது. விலக்கி வைக்கப் போட்ட குறியைத் தங்கள் கொடியாக்கிக்கொண்டார்கள். இழிவு என்று தந்த பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லிப் பழகிய நமக்கு இது புரியாதா?

ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. இவர்கள் வெள்ளை நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள். இந்த வேகத்தை அவர்களுக்குக் காட்டியது 'பேட் பிரெய்ன்ஸ்'. அதே வாஷிங்டனைச் சேர்ந்த கறுப்பு இளைஞர்கள் நாலு பேர், ஜாஸ் இசையிலிருந்து வந்தவர்கள். சொந்த ஊரில் அரங்குகள் கதவைச் சாத்தின. அதையே பாட்டாக்கிவிட்டு நியூயார்க் போனார்கள். 1982இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பு தட்டாக வரவில்லை, கேசட்டாக வந்தது. கேசட் என்றால் தெரியுமே, ஒருத்தன் வாங்கினால் ஊரே பதிந்துகொள்ளும்.

இப்போது சேகரிப்பாளப் பெருமக்களிடம் வருவோம். அவர்கள் அகராதியில் உச்சமான சொல் 'மின்ட்'. என்ன பொருள்? கைபடாதது, ஊசி படாதது. கையுறை போட்டு எடுக்கிறார்கள், வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் தேடுகிறார்கள், மறுபடி உறையில் போடுகிறார்கள். தீட்டுப் பட்டால் மதிப்புக் குறைந்துவிடும்! கருவறை, பூசாரி, எட்டி நின்று பார்க்கும் பக்தர் கூட்டம், எல்லாம் இருக்கிறது. பாட்டுதான் இல்லை.

நான் வங்கிக் குமாஸ்தா. நகைக்கடன் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன். அடகு வைத்த தாலிச்சங்கிலியை எடைபோட்டு, உறையில் இட்டு, சீல் வைத்து, பெட்டகத்தில் பூட்டுவோம். அந்த நிமிசத்திலிருந்து அது நகை இல்லை. இத்தனை கிராம், இத்தனை ரூபாய். பீரோவுக்குள் போன என் தட்டும் அப்படித்தான் ஆனது. கோந்து காயாத விரல்களால் செய்த ஒன்றைப் பண்டமாக்க யாரோ ஒரு முதலாளி வரவில்லை, தோழர்களே. நானே போதுமாயிருந்தேன்.

"நாங்கள் பாதுகாக்கிறோம். நாங்கள் இல்லாவிட்டால் இந்த வரலாறே அழிந்திருக்கும்" என்பார்கள். பாதி உண்மை. குப்பைக்குப் போக இருந்ததைக் காப்பாற்றியவர்கள் உண்டு, அவர்களுக்கு வணக்கம். ஆனால் பாதுகாப்பது வேறு, பதுக்குவது வேறு. வாஷிங்டன் பொது நூலகம் 2014இல் அந்த நகரத்துப் பங்க் இசைக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கியது. பொது நூலகம் என்றால் கேட்டு வருகிற எவருக்கும் கதவு திறக்கும். என் பீரோ யாருக்குத் திறந்தது?

அருமை, கிடைக்காதது என்று ஏலம் விடுகிறார்களே, அருமையாக இருக்க வேண்டுமென்று செய்தவர்கள் நினைத்தார்களா? 1984இல் அதே டிஸ்கார்ட், தீர்ந்துபோன நாலு சின்னத் தட்டுகளின் பாட்டுகளைச் சேர்த்து ஒரே பெரிய தட்டாக வெளியிட்டது. டீன் ஐடில்ஸும் அதில் உண்டு. எல்லாரும் கேட்கட்டும் என்பதுதானே அதன் அர்த்தம்? இங்கிலாந்தில் 'கிராஸ்' குழு இன்ன விலைக்கு மேல் கொடுக்காதே என்று உறையிலேயே அச்சடித்தது. அந்த உறைகளையும் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள், அந்த வரி மேல் விரல் வைத்தபடியே.

சேர்க்காதே என்று நான் சொல்லவில்லை. நம்மிடமும் பழைய துண்டறிக்கைகள், கேசட்டுகள், நின்றுபோன பத்திரிகைகள் இருக்கின்றன. சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் சேர்த்ததைப் படிக்கக் கொடு, பதியக் கொடு, போட்டுக் காட்டு. கொடுக்க மனசு வராதவன் தன்னைச் சேகரிப்பாளன் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், காவல்காரன் என்று சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைக் கூப்பிட்டேன். கூட மூணு பேரைக் கூட்டிவந்தான். "நீயே எடுத்துப் போடுடா" என்றேன். ஊசியை வைக்கும்போது கை நடுங்கி ஒரு கீறல் விழுந்தது. என் முகத்தைப் பார்த்தான். நான் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். ரெண்டு பக்கமும் கேட்டு முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து போட்டார்கள்.