மெழுகு வீடு

செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் பாந்த்ராவின் மவுன்ட் மேரி ஆலயத்துக்கு ஏறும் சாலையில் எதுவும் மெழுகில் கிடைக்கும். கை, கால், கண், இதயம், தொட்டில் குழந்தை. படிப்பு வர வேண்டுமென்றால் புத்தகம். வெளிநாட்டு வேலைக்கு விமானம். நோய் எந்த உறுப்பிலோ அந்த உறுப்பை வாங்கி மாதாவின் காலடியில் வைத்துவிட்டு வரவேண்டும் என்பது ஐதீகம். இத்தனைக்கும் நடுவே எல்லாக் கடையிலும் தவறாமல் இருக்கும் சரக்கு ஒன்று உண்டு: வீடு. சாய்ந்த கூரை, இரண்டு ஜன்னல், ஒரு கதவு. கையகலம்தான்.

உல்லாஸ்நகரிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் தாதரில் இறங்கி, நெரிசலில் பாலம் ஏறி, மேற்கு ரயில்வே வண்டி பிடித்து, பாந்த்ரா ஸ்டேஷனில் 'பெஸ்ட்' பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறார்கள். தாராவிக்காரர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. மாஹிம் கடல்பாலம் தாண்டினால் பாந்த்ரா. அந்தப் பாலமே 1845-ல் ஒரு பார்சிப் பெண்மணியின் கொடை. லேடி ஜம்ஷெட்ஜி ஒன்றரை லட்ச ரூபாய்க்கும் மேல் கொடுத்திராவிட்டால் படகில்தான் போயிருக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்களும் அல்ல. நெற்றியில் திருநீறோடு மெழுகுவர்த்தி ஏந்தி நிற்பவரை இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தத் திருவிழாவுக்கு வேதாகமத்தில் ஆதாரம் தேடினால் கிடைக்காது. செப்டம்பர் 8 மரியாளின் பிறந்தநாள் என்று நான்கு சுவிசேஷங்களில் எதுவும் சொல்லவில்லை. அவளுடைய பெற்றோரின் பெயர்கூட அவற்றில் இல்லை. சுவக்கீன், அன்னம்மாள் என்ற பெயர்களும், வெகுகாலம் பிள்ளையில்லாமல் தவித்த அவர்களுக்குப் பெண் பிறந்த கதையும், திருச்சபை வேதநூலாக ஏற்காத இரண்டாம் நூற்றாண்டு ஏடு ஒன்றில் வருகின்றன. விழா கிழக்கே பிறந்தது. ஜெருசலேமில் மரியாள் பிறந்த வீடு இருந்ததாக நம்பப்பட்ட இடத்தில் ஒரு கோயில் எழும்பி, அதையொட்டி நாள் குறிக்கப்பட்டது. ஆக, ஆரம்பத்திலேயே இது ஒரு வீட்டைச் சுற்றி வந்த விழா. சிரியக் குடும்பத்தில் பிறந்த போப் முதலாம் செர்ஜியுஸ் ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் ரோமில் இதற்குப் பவனி ஏற்படுத்தினார்.

பொதுவாகப் புனிதர்களுக்குத் திருச்சபை கொண்டாடுவது இறந்த நாளைத்தான். அதுவே அவர்களுக்கு விண்ணுலகில் பிறந்தநாள் என்பது கணக்கு. மண்ணில் பிறந்த நாளுக்கு விழா எடுப்பது மூன்றே பேருக்கு: இயேசு, மரியாள், ஸ்நானக அருளப்பர். டிசம்பர் 8-ல் வரும் அமலோற்பவ மாதா திருநாளும் இந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் பின்னோக்கி எண்ணி வைத்ததுதான்.

நாளை ரோம் கொடுத்தது. அர்த்தத்தை ஊர்கள் போட்டுக்கொண்டன. மங்களூர் கத்தோலிக்கர்களுக்கு அது புது நெற்கதிரை மந்திரித்து வீட்டுக்குக் கொண்டுவரும் நாள். அன்றைக்கு வீட்டில் மாமிசம் கிடையாது. பாந்த்ராவில் அது கடலின் விழா. கடலில் ஒரு சிலை கிடைக்கும் என்று கோலி மீனவர் ஒருவர் கனவு கண்டு, அப்படியே கண்டெடுத்தார் என்பது கதை. மீனவர்கள் அவளை 'மோத் மாவ்லி' என்கிறார்கள். 'மவுன்ட்' மருவியது என்பார் ஒரு சாரார், 'மோத்தி' என்றால் முத்து என்பார் இன்னொரு சாரார். இப்போதுள்ள கட்டடம் 1904-ல் எழுந்தது. செப்டம்பர் 8-ஐ அடுத்த ஞாயிறு தொடங்கி ஒரு வாரம் ஜாத்திரை. கொரோனா காலத்தில், 2020-லும் 2021-லும், ஜாத்திரை நடக்கவில்லை.

மும்பைத் தமிழர்களுக்கு இதே நாள் வேளாங்கண்ணியின் நாளும்கூட. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், 7-ம் தேதி இரவு பெரிய தேர், 8-ம் தேதி திருவிழா. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கரை சேர்ந்தது மாதாவின் பிறந்தநாளில்தான் என்பது அங்கே வழங்கும் கதை. அங்கும் கடல்தான். அதே கடல் 2004 டிசம்பர் 26-ல் கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்ரீகர்களை வாரிக்கொண்டு போனது. இருந்தும் காவி உடுத்திக் கால்நடையாக வருகிறவர்கள் குறையவில்லை. திருவிழாவுக்கு மும்பையிலிருந்து சிறப்பு ரயிலே விடுகிறார்கள். லீவு கிடைக்காதவர்களுக்கும் டிக்கெட் கிடைக்காதவர்களுக்கும் பாந்த்ரா இருக்கிறது.

மெழுகு உறுப்புகளைப் பார்த்துப் படித்த கிறிஸ்தவர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. போர்த்துக்கலின் பாத்திமா திருத்தலத்தில் இன்றும் மெழுகுக் கை கால்கள்தான் காணிக்கை. அதற்கும் வெகுமுன்பே கிரேக்கர்கள் தங்கள் வைத்தியக் கடவுளின் கோயிலில் களிமண் உறுப்புகளைக் குவித்தார்கள். சமயபுரத்தில் மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்தும் தமிழனுக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது? வேளாங்கண்ணியின் காணிக்கைக் காட்சியகத்தில் வெள்ளியில் செய்த உறுப்புகள் கண்ணாடிக்குப் பின்னே வரிசையாக இருக்கின்றன. பாந்த்ராவில் பொருள் மெழுகு, அவ்வளவுதான் வித்தியாசம். ஏழைக்குக் கட்டுப்படியாகும்.

உடம்பு சரியாக வேண்டும் என்ற வேண்டுதலுக்கு வயது ஆயிரக்கணக்கில். வீடு வேண்டும் என்பது இந்த நகரத்தின் வேண்டுதல். உல்லாஸ்நகரே வீடில்லாதவர்களுக்காகப் பிறந்த ஊர். கல்யாண் ராணுவ முகாமில் சிந்தி அகதிகளைக் குடியேற்றி, 1949 ஆகஸ்ட் 8-ல் அடிக்கல் நாட்டியவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. தெருவுக்கு வழி கேட்டால் இன்றும் 'கேம்ப் நம்பர்' சொல்கிறார்கள். அனுமதியில்லாத கட்டடங்கள் அங்கே அவ்வளவு பெருகியதால், அபராதம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள உல்லாஸ்நகருக்கென்றே 2006-ல் மாநில அரசு தனிச் சட்டம் போட்டது. 2021 மே மாதத்தில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு அடுக்குமாடிகளில் தளம் இடிந்து விழுந்து பலர் செத்தார்கள். அங்கிருந்து வருகிறவர் மெழுகு வீடு வாங்கினால், புது வீடு கேட்கிறாரா, இருக்கும் வீடு நிற்க வேண்டும் என்று கேட்கிறாரா என்று கடைக்காரருக்குத் தெரியாது.

தாராவியில் கேள்வி வேறு. மறுசீரமைப்புத் திட்டப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று உள்ளவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி இலவச வீடு. 2011 ஜனவரி 1-க்கு முன் வந்தவர்களுக்கு இரண்டரை லட்ச ரூபாய்க்கு 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே. அதற்கும் பின்னால் வந்தவர்களுக்கும் மாடி அறைக்காரர்களுக்கும் வெளியே வாடகை முறையில். எனவே இப்போது வீடுகளில் பத்திரமாக இருப்பது பழைய கரண்ட் பில், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் நகல். ஞானஸ்நானச் சான்றிதழில் பங்கின் பெயரும் தேதியும் இருக்கும். ஆனால் எந்தச் சந்தில் எந்தத் தளத்தில் குடியிருந்தார் என்பது இருக்காது.

வெளியே என்றால் எங்கே? காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பக்கத்து உப்பளங்கள் இதற்காக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே போய்ச் சேருகிறவர்கள் செப்டம்பரில் மவுன்ட் மேரிக்கு வர, உல்லாஸ்நகர்க்காரர்களைப் போலவே தாதரில் இறங்கிப் பாலம் ஏற வேண்டும்.