ஐந்து நிமிடம் எழும்பினால் வியாபாரம் கெட்டுவிடுமா?



ஹட்டன் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு மாதத்தின் முதல் பத்து நாட்கள் எப்படிப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தோட்டச் சம்பளம் 10ஆம் திகதி. அதுவரை கடன் கொப்பிதான் நிறையும். மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக்கோ அதற்கு முன்பே வங்கிக்கு வந்துவிடும்.

அப்படியொரு நாளில்தான் நான் அந்தத் தவறைச் செய்தேன். ளுஹர் தொழுதுவிட்டு வந்து லாச்சிக்குப் பின்னால் அமர்ந்தவன், அஸர் நெருங்கியும் கதிரையை விட்டு எழும்பவில்லை. பல வருடங்களாக எங்களிடம் சாமான் வாங்கும் தோட்டத்துப் பெண்மணி ஒருவர், "நானா, இன்னும் ரெண்டு கிலோ மா எழுதிக்கிறீங்களா?" என்று கேட்டார். நாலு பேர் முன்னிலையில் எரிந்து விழுந்தேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். சம்பள நாளில் வந்து பாக்கியைச் சதம் குறையாமல் கட்டினார். அதன் பின் அவரும் வரவில்லை, அவருடைய லயத்துக் குடும்பங்களும் வரவில்லை.

கடன் எல்லா மாதமும் இருந்ததுதான். அன்று இல்லாமற் போனது என் பொறுமை. அந்த வாரம் பிரஷர் பார்த்தபோது கூடியிருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கதிரையை விட்டு எழும்புவீர்கள்?" என்று டொக்டர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமல்ல. லண்டன் இரட்டைத் தட்டு பஸ்களில் அமர்ந்தே வேலை செய்த சாரதிகளுக்கு, படியேறி இறங்கிய நடத்துநர்களை விட மாரடைப்பு அதிகம் என்று ஜெரமி மொரிஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் 1953இல் எழுதினார். நமது கடைகளில் நடத்துநர் வேலை கடைப் பையனுக்கு. சாரதி ஆசனம் முதலாளிக்கு!

2023இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் ஒரு சிறிய ஆய்வு செய்தது. அதில் பங்குபற்றியவர்கள் 11 பேர்தான். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி வெகுவாகக் குறைந்தது, பிரஷரும் இறங்கியது. அதே வருடம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் மூச்சுப் பயிற்சியை ஆராய்ந்தது. மூக்கால் இழுத்து, அதன் மேல் இன்னும் கொஞ்சம் இழுத்து, வாயால் நீளமாக விட வேண்டும். தினமும் ஐந்து நிமிடம், ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை தெளிவடைந்தது.

"கூட்ட நேரத்தில் இதெல்லாம் நடக்குமா?" என்பீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை என்னாலும் முடிவதில்லை. ஆனால் மணிக்கு ஒரு தடவை எழும்புகிறேன். மழையில்லாவிட்டால் ரோட்டில் மேடு வரை நடை, மழையென்றால் களஞ்சிய அறைக்குப் போய் மூட்டைகளை எண்ணி வருகிறேன். கடன் கொப்பியைத் திறக்குமுன் நாலைந்து தடவை நீளமாக மூச்சு விடுகிறேன்.

கடைச் சிப்பந்திகளின் வேலை நேரத்துக்கு 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நாளைக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45. முதலாளிக்கு அப்படியொரு சட்டம் இல்லை. நமக்கு நாமே போட்டுக்கொண்டால்தான் உண்டு.

மூச்சு விட்டால் செக் பாஸாகாது. டொக்டர் தந்த மருந்தையும் நிறுத்தக் கூடாது. ஆனால் செக் திரும்பினாலும் இன்னொரு நாள் கட்டலாம். மனம் நொந்து போன வாடிக்கையாளரைத் திருப்பி அழைப்பது லேசல்ல. அந்த நட்டத்துக்கு ஐந்து நிமிடம் மலிவுதானே!