எண் பாக்கெட்டில், சிகரெட் பையன் கையில்

2018 செப்டம்பர் முதல் சிகரெட் பாக்கெட்டில் ஓர் எண் அச்சாகி வருகிறது: 1800-11-2356. புகையிலையை விட நினைப்பவர்கள் கட்டணமில்லாமல் அழைத்துப் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கல்லூரி பக்கம் இருக்கும் டீக்கடை ஒன்றில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். பையன்கள் யாரும் பாக்கெட்டாக வாங்குவதில்லை. "அண்ணே, ஒரு டீ, ஒரு கிங்ஸ்" என்றதும் கடைக்காரர் பிரித்து வைத்த பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டுகிறார். கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்ற வைத்துக்கொள்கிறான். மீதிச் சில்லறைக்கு ஒரு ஹால்ஸ். எச்சரிக்கைப் படமும் உதவி எண்ணும் கல்லாப்பெட்டியைத் தாண்டி வெளியே வருவதே இல்லை.

விட நினைக்கும் இளைஞனுக்கு உதவி இருக்கிறது, அது அவன் நிற்கும் இடத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் புகார். தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பில் 2009-10க்கும் 2016-17க்கும் இடையே நாட்டின் பயன்பாடு 34.6 சதவீதத்திலிருந்து 28.6 ஆக இறங்கியது. தமிழ்நாட்டிலோ 16.2 என்பது 20 ஆக ஏறியது. நாடே இறங்கும்போது நாம் ஏறியிருக்கிறோம்.

இருபது வயதுக்காரன் தன்னை அடிமை என்று நினைப்பதில்லை. "ஃப்ரெண்ட்ஸோட இருந்தா மட்டும் ஒரு தம்" என்பான். அறுபதில் வரும் புற்றுநோயைக் காட்டி மிரட்டினால் அவன் காதில் ஏறாது. 1983-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்காக ஒரு பேச்சுமுறையை முன்வைத்தார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து அதை வளர்த்தார். ஆலோசகர் புத்தி சொல்ல மாட்டார், கேள்வி கேட்பார். எப்போதெல்லாம் பிடிக்கிறாய், விட்டால் உனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுக் கேட்டு, காரணத்தை அவன் வாயிலிருந்தே வரவைப்பார். கையில் காசு நிற்கவில்லை, ஃபுட்பால் ஆடினால் மூச்சு வாங்குகிறது, அம்மா சட்டையை மோந்து பார்க்கிறாள் என்று அவனே சொல்வான். அவன் சொன்ன காரணம் என்பதால் அது அவனுக்கு உறைக்கும்.

அடுத்த வேலை, பழக்கத்தின் முடிச்சை அவிழ்ப்பது. உள்ளிழுத்த சில நொடிகளில் நிகோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. டீயும் தம்மும் ஒன்றாகவே பழகிப்போனவனுக்கு டீ கிளாஸைப் பார்த்தாலே கை தேடும். அதனால் நிறுத்தும் நாளைக் குறித்துக்கொண்டு, ரூம்மேட்டிடமும் சொல்லிவிட்டு, கொஞ்ச நாளைக்கு அந்தக் கடைப்பக்கமே போகாமல் இருக்கச் சொல்வார்கள். ஆசை எழும்பினால் சில நிமிடம் தள்ளிப்போட வேண்டும்: தண்ணீர் குடிக்கலாம், மூச்சை ஆழமாக இழுத்து விடலாம், எழுந்து நடக்கலாம். அந்த அலை அடங்கிவிடும். முதல் சில நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் பாடாய்ப் படுத்தும். சில வாரங்களில் பெரும்பாலும் தணியும். நடுவில் ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று விட்டுவிடாமல், எங்கே சறுக்கியது என்று பார்த்துத் தொடர வேண்டும். இதைத் தனியாகச் செய்ய முடியாமல்தான் பலர் திரும்பி வந்து அதே கடையில் நிற்கிறார்கள். கூடவே ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் எங்கே? எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் விடுதிக்குப் பின்னால் பிடிபட்ட மாணவனுக்கு அபராதம் போட்டார்கள், அப்பாவை வரவழைத்தார்கள், மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். "விட முடியலையாப்பா?" என்று யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவன் விடுதியில் பிடிப்பதில்லை, பஸ் ஸ்டாப்புக்குப் போய்ப் பிடிக்கிறான். தண்டனை இடத்தை மாற்றியது, பழக்கத்தைத் தொடவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்றால் புறநோயாளிகள் பிரிவு நடப்பதே வகுப்பு நேரத்தில்தான். மனநலப் பிரிவு வரிசையில் நிற்க இருபது வயதுப் பையன் கூசுகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டத்துக்கும் பல் இல்லை. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். காலை டீ நேரம் முடிவதற்குள் கடைக்காரர் அதை எடுத்துவிடுவார். மகாராஷ்டிரம் 2020-இல் சில்லறை சிகரெட் விற்பனைக்கே தடை போட்டது. தமிழ்நாடும் அந்த ஆணையைப் பிறப்பிக்க வேண்டும். பாக்கெட்டாக வாங்க நேர்ந்தால் விலையும் உறைக்கும், எண்ணும் கண்ணில் படும்.

ஆனால் தடை மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கக் கூடாது. கல்லூரிதோறும் இந்தப் பேச்சுமுறையில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் மாலை நேரத்தில் இருக்க வேண்டும். அவரிடம் போகிறவன் பெயர் முதல்வருக்கோ வீட்டுக்கோ போகாது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். பிடிபட்டவனுக்கு அபராதத்துக்குப் பதிலாக அவரோடு நான்கு அமர்வு என்று விதியை மாற்றலாம். நிகோட்டின் சூயிங்கத்தை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கலாம்; ஆலோசனையோடு சேரும்போது அது கூடுதலாகப் பலன் தரும். உதவி எண்ணை விடுதி நோட்டீஸ் போர்டிலும், அடையாள அட்டையின் பின்பக்கத்திலும் அச்சிட உயர்கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். முதலாமாண்டு வகுப்புகள் தொடங்குமுன் அது கல்லூரிகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.