சிங்க் ஆகிட்டுது எண்டால் பத்திரமா இருக்கு எண்டு அர்த்தமில்லை

போனில் எடுத்த ஒரு ரெக்கோர்டிங் லப்டொப்புக்கு வரவில்லை என்று பட்ச் குறூப்பில் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். பதில்கள் எப்போதும் ஒரே ஒழுங்கில்தான் வரும். "ரீஸ்டார்ட் பண்ணிப் பார் மச்சான்." சரிவரவில்லையா? "அக்கவுண்டைக் கழற்றிப்போட்டுத் திரும்ப அட் பண்ணு." அதுக்கும் சரிவரவில்லையா? "ரீசெட் அடி, எல்லாம் சரியாகும்."

முதலாவது அறிவுரையில் பிழையில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் ஆபத்தானவை என்பதுதான் என் வாதம். பிரச்சினை என்ன என்று பார்க்கவே இல்லை, அதற்குள் அழிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

சிங்க் என்ற வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போனிலும் கொம்பியூட்டரிலும் இருப்பதை ஒன்றுபோல ஆக்குவதுதான் அதன் வேலை. பாதுகாப்பது அதன் வேலையில்லை. எது எரர் காட்டி இடையில் நிற்கிறதோ, அது பெரும்பாலும் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும். போனில் மட்டும் இருக்கும், மேலே போயிருக்காது. அந்த நேரத்தில் போனிலிருந்து அக்கவுண்டைக் கழற்றினால், அந்த அக்கவுண்டோடு சேர்ந்த தரவும் போனிலிருந்து அழியும். அண்ட்ரொய்ட் அதை எச்சரிக்கையாகவே காட்டுகிறது. நாங்கள்தான் வாசிக்காமல் ஓகே அழுத்துகிறோம். மேலே போய்ச் சேர்ந்தவை திரும்பி வரும். போய்ச் சேராதவை எங்கேயிருந்து வரும்?

இது பயமுறுத்தக் கட்டின கதையில்லை. 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கொம்பியூட்டர் செயலியில், 84ஆம் பதிப்பில், ஒரு பிழை வந்தது. சிலருக்கு மாதக்கணக்கான பைல்கள் காணாமல் போயின. கூகுள் அப்போது சொன்ன முதல் விஷயமே, அக்கவுண்டைத் துண்டிக்க வேண்டாம், செயலி தன் தரவை வைத்திருக்கும் போல்டரை அழிக்கவோ இடம் மாற்றவோ வேண்டாம் என்பதுதான். காரணம், மேலே ஏறாத பைல்கள் அந்த போல்டருக்குள் இன்னும் இருக்கக்கூடும். குறூப்பில் வரும் இரண்டாவது அறிவுரைக்கு நேர் எதிரான அறிவுரை அது.

பழைய கருவிகள் இந்த விஷயத்தில் எங்களை விடக் கவனமாக இருந்தன. 1996இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியை ஒரு தாங்கியில் வைத்து ஒரு பட்டனை அழுத்தினால், அது கொம்பியூட்டரோடு ஹொட்சிங்க் செய்யும். அதன் அமைப்புகளில் நேராகவே ஒரு தெரிவு இருந்தது: இரண்டையும் ஒன்றாக்கவா, கொம்பியூட்டரில் உள்ளதை வைத்துக் கருவியில் உள்ளதை மாற்றவா, அல்லது மறுவளமா? எது உண்மையான பிரதி என்பதை மனிசர் சொல்லவேண்டும். இப்போது அந்தக் கேள்வி எங்களிடம் வருவதேயில்லை. பின்னால் தானாக முடிவாகிறது. வசதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்கப்படாதபடியால், அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதையே மறந்துபோனோம்.

அதனால்தான் எரர் வருவதைவிட, எரர் வராமல் நடக்கும் சிங்க் எனக்குக் கூடுதல் பயத்தைத் தருகிறது. போனில் இடம் காணாது என்று கூகுள் போட்டோஸில் போய்ப் படங்களை டிலீட் பண்ணினால், அவை மேலேயும் அழியும். அது பிழையில்லை. சிங்க் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. மேலே ஏறிய படங்கள் 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். பிறகு இல்லை. இடத்தை மட்டும் விடுவிக்க வேறொரு தெரிவு அதே செயலியில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்களுக்கு ஆரும் சொல்லித் தரவில்லை.

அப்படியென்றால் எரர் வந்தால் என்னதான் செய்வது? என் ஒழுங்கு இதுதான்.

முதலில் எதையும் அழிக்காதீர்கள். போகாமல் நிற்கும் பைலை வேறு வழியில் ஒரு கொப்பி எடுங்கள். புளூடூத், மெமரி கார்ட், ஈமெயில், எதுவென்றாலும் பரவாயில்லை.

இரண்டாவது, கேபிளைப் பாருங்கள். சில மலிவுக் கேபிள்களில் சார்ஜுக்கான கம்பிகள் மட்டும்தான் இருக்கும், தரவுக்கான கம்பிகள் இராது. போன் சார்ஜ் ஆகுது, ஆனால் கொம்பியூட்டருக்குத் தெரியேல்லை என்றால் முதல் சந்தேகம் அதில்தான். கேபிள் நல்லது என்றால் போனின் அறிவிப்புத் திரையை இழுத்துப் பாருங்கள். அண்ட்ரொய்ட் பெரும்பாலும் சார்ஜ் மட்டும் என்ற நிலையில்தான் தொடங்கும், பைல் பரிமாற்றம் என்று நீங்கள் மாற்றவேண்டும். ஐபோன் என்றால், இந்தக் கொம்பியூட்டரை நம்பலாமா என்று கேட்கும்வரை திரையைத் திறந்து வைத்திருங்கள். படங்களை விண்டோஸுக்கு மாற்றும்போது பாதியில் நிற்கிறதா? அமைப்புகளில் போட்டோஸ் பகுதிக்குப் போய், மூலப்படங்களை அப்படியே வைத்திரு என்பதைத் தெரிவுசெய்யுங்கள். படத்தின் வடிவத்தை மாற்றிக்கொண்டே அனுப்பப் போய்த்தான் அது பலநேரம் இடறுகிறது.

மூன்றாவது, இடமும் இணையமும். ஜீமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் இலவசமாக 15 ஜீபி. நிரம்பினால் எல்லாம் நிற்கும். ஹொஸ்டலில் டேட்டாவில் ஓடும் எங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. வைஃபை வந்தால் மட்டும் ஏற்று என்று அமைத்திருந்தால், வாரக்கணக்கில் ஒன்றும் மேலே போயிருக்காது. போனின் திகதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். அது பிழைத்தால் இணைப்பே மறுக்கப்படலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் அக்கவுண்டைக் கழற்றுவது. ரீசெட் கடைசிக்கும் கடைசி.

"எல்லாத்தையும் கொப்பி எடுக்க ஆரிட்ட இடமிருக்கு, ஆரிட்ட காசிருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் எடுக்கத் தேவையில்லை. அசைன்மென்டைத் திரும்ப எழுதலாம். குறூப் போட்டோ இன்னொருவரிடமும் இருக்கும். ஆனால் கலைப்பீடத்தில் படிக்கும் நாங்கள் ஆய்வுக்காக ஊர்களுக்குப் போய், எண்பது வயது தாண்டினவர்களிடம் கதைத்து எடுத்துவரும் ஒலிப்பதிவு அப்படியில்லை. அடுத்த முறை போகும்போது அந்த அம்மம்மா இருப்பாவோ தெரியாது. 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணித்தியாலப் பதிவு 58 எம்பி அளவில்தான் வரும். ஒரு 16 ஜீபி பென் டிரைவில் 250 மணித்தியாலத்துக்கு மேல் கொள்ளும். ஆக, பிரச்சினை காசு மட்டுமில்லை.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளையும் மலர்களையும் தேடி வாசித்துத்தான் எங்களில் பலர் கட்டுரை எழுதுகிறோம். ஆரோ ஒருவர் ஒரு பிரதியை வீட்டில் எடுத்து வைத்திருந்தபடியால்தான் அவை இன்று திரையில் கிடைக்கின்றன. நாங்கள் இப்போது சேர்க்கும் குரல்களுக்கும் அப்படி ஒரு ஆள் தேவை. பச்சைச் சரி அடையாளம் போட்டு "சிங்க் முடிந்தது" என்று சொல்லும் செயலி அந்த ஆள் இல்லை. அந்த ஆள் நாங்கள்தான்.