கேட்பது யார்?

நான் வங்கியில் சேர்ந்த காலத்தில் கிளைக்குக் கிளை பணம் தந்தியில் போகும். தந்தி பல கை மாறி வருவதால் அதில் ஒரு ரகசிய எண்ணும் இருக்கும். பூட்டி வைத்த குறியீட்டுப் புத்தகத்தை எடுத்து, எண் சரியா என்று பார்த்த பிறகே பணம் கொடுப்போம். அந்தப் புத்தகத்தை முன்கூட்டியே பத்திரமாக அனுப்பி வைக்காவிட்டால் ரகசியமே பேச முடியாது.

1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்கர்கள் வேறு வழி சொன்னார்கள். ஊர் கேட்கப் பேசியே இருவர் ஒரு ரகசிய எண்ணை உண்டாக்கிக்கொள்ளலாம்!

நானும் மனைவியும் போட்டுப் பார்த்தோம். 2, 13 எல்லோருக்கும் தெரிந்த எண்கள். நான் மனதில் 5 நினைத்தேன். ஐந்து 2-களைப் பெருக்கினால் 32. 13-ஆல் வகுத்தால் மீதி 6. அவள் நினைத்தது 4. நான்கு 2-களைப் பெருக்கினால் 16, மீதி 3. நான் கூடத்திலிருந்து "6" என்றேன். அவள் அடுக்களையிலிருந்து "3" என்றாள். அவளுடைய 3-ஐ ஐந்து முறை போட்டுப் பெருக்கினேன்: 243, மீதி 9. அவள் என் 6-ஐ நான்கு முறை போட்டுப் பெருக்கினாள்: 1296, மீதி 9. அந்த 9-ஐ இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை!

இவ்வளவு சின்ன எண் என்றால் ஒட்டுக்கேட்பவன் போட்டுப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். பல நூறு இலக்க எண்கள் என்றால் இன்றைய கணினிகளாலும் ஆகாது. வாட்ஸ்அப்பின் ரகசியச் சாவிகள்கூட இந்த வழியில் வந்தவைதான்.

ஆனால் இந்தக் கணக்கு ஒட்டுக்கேட்பவனை மட்டுமே தடுக்கும். மறுமுனையில் இருப்பது யார் என்று சொல்லாது. அடுக்களையிலிருந்து மனைவி குரலில் வேறொருவன் பேசியிருந்தால், அந்த 9-ஐ அவனோடுதான் பங்கிட்டிருப்பேன். இணையதளங்களுக்குச் சான்றிதழ் என்று தனி ஏற்பாடு வைத்திருப்பது இதற்காகத்தான்.

சென்ற மாதம் என் நண்பர் ஒருவர், வங்கியிலிருந்து பேசுவதாக வாட்ஸ்அப்பில் கூப்பிட்டவனிடம் ஓடிபியைச் சொல்லி நாற்பதாயிரம் ரூபாய் இழந்தார். "மூன்றாம் ஆள் கேட்க முடியாது என்று அதிலேயே போட்டிருந்ததே சார்" என்றார். உண்மைதான். மூன்றாம் ஆள் கேட்கவில்லை. திருடன் இரண்டாம் ஆள்!

அந்தக் காலத் தந்தி எண் சரிபார்த்தது, அனுப்பியது யார் என்பதைத்தான். அந்தப் பழக்கத்தை நாம் விடக்கூடாது என்பது என் கருத்து. யார் ஓடிபி கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பாஸ்புக்கில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காமல் உடனே 1930-க்குச் சொல்லுங்கள்.