கரிசக்காட்டுல கொரியன் புல்லா? யோசிங்க சாமிகளா!

ரொம்ப நாளா மனசுல கிடந்து உறுத்திக்கிட்டிருந்த மேட்டரு. இன்னைக்கு எழுதித் தொலைச்சுடறேன்.

சூலக்கரைப் பக்கம் அக்கா புதுசா வீடு கட்டி போன தை மாசம் பால் காய்ச்சினாங்க. அருமையான வீடு. போன மாசம் போனேன். வாசல்ல அத்தான் ஓஸ் பைப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். முன்னால 500 சதுர அடிக்குப் பச்சைப் பசேல்னு கொரியன் புல்லு. "எப்படி மாப்ள, கார்டன்?"னு கேட்டார். பதில் சொல்லாம, "அத்தான், இங்க ஒரு வேம்பு நின்னுச்சே?"ன்னேன். எலிவேஷனை மறைக்குதுன்னு தோட்டம் போட வந்த ஆளு வெட்டச் சொல்லிட்டாராம். அவ்வ்வ்!

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. தண்ணி நின்னா அது 1 லிட்டர். நம்ம வெயிலுக்கு புல்லு பச்சையா இருக்கணும்னா தினம் ஒரு 5 மி.மீ.யாவது வேணும். 500 சதுர அடின்னா சுமார் 46 சதுர மீட்டர். ஆக, ஒரு நாளைக்கு 230 லிட்டர். 15 லிட்டர் குடத்துல 15 குடம்! மழை இல்லாத எட்டு மாசத்துக்குக் கணக்குப் போட்டா 55,000 லிட்டர். விருதுநகர் மாவட்டத்துல வருஷத்துக்குப் பெய்யிறது சுமார் 800 மி.மீ. மழை. 1000 சதுர அடி மொட்டைமாடியில ஒரு வருஷம் விழுற மொத்த மழையே சுமார் 74,000 லிட்டர்தான். அதுல முக்கால்வாசியை இந்தப் புல்லு ஒண்ணே குடிச்சுத் தீர்த்துடும்.

"வெளிநாட்டுல எல்லாம் போடுறாங்களே?"னு கேப்பீங்க. லண்டன்ல வருஷத்துக்குப் பெய்யிறது சுமார் 600 மி.மீ.தான், நம்மளை விடக் கம்மி! ஆனா அங்க வருஷம் பூரா பிச்சுப் பிச்சுத் தூறும், வெயிலும் சாதுவா அடிக்கும். நமக்கு ஏறக்குறைய பாதி மழை அக்டோபர்லேருந்து டிசம்பருக்குள்ள கொட்டிட்டுப் போயிடும். அப்புறம் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். இந்த வறட்சியை நம்பித்தான் பக்கத்துல சிவகாசியில பட்டாசையே காய வைக்கிறாங்க. அந்த ஊர்ல வந்து புல்தரை!

அமெரிக்காக்காரனே முழிச்சுக்கிட்டான். டென்வர் நகரத்துத் தண்ணி வாரியம் 1981லயே தண்ணி அதிகம் கேக்காத தோட்டத்துக்கு 'ஜெரிஸ்கேப்'னு பேர் வச்சு பிரசாரம் பண்ணுச்சு. லாஸ் வேகாஸ் பக்கம் வீட்டுப் புல்லைப் பிடுங்கினா காசு குடுக்கிறாங்க. ரோட்டு நடுவுலயும் ஆபீஸ் வாசல்லயும் அழகுக்கு மட்டும் வளர்க்கிற புல்லுக்கு கொலராடோ ஆத்துத் தண்ணி விடக்கூடாதுன்னு 2021ல நெவாடா மாநிலத்துல சட்டமே போட்டுட்டாங்க. அவங்க கழிச்சுப் போட்டதை நாம காசு குடுத்து வாங்குறோம்.

இன்னொரு கூத்தும் இருக்கு. கரிசல் மண்ணு ஈரம் பட்டா உப்பும், காஞ்சா சுருங்கி வெடிக்கும். அது மேல ரெண்டு லோடு செம்மண்ணை அடிச்சு, சுவர் ஓரமா தினமும் தண்ணி ஊத்தினா? சுவரோட ஒரு பக்கம் மண்ணு உப்பும், வெளிப்பக்கம் சுருங்கும். அக்கா வீட்டு காம்பவுண்டு சுவர்ல இப்பவே விரல் நுழையிற அளவுக்கு விரிசல்.

"அப்ப அழகே வேணாமா?" யாருங்க சொன்னது? நம்ம ஊருக்கும் டிசைன் இருக்கு:

1. மேற்குப் பக்கம் ஒரு வேம்போ புங்கையோ வைங்க. சுவர்லேருந்து நல்லா தள்ளி. மத்தியான வெயில் சுவர்ல படாது.

2. குளிக்கிற, பாத்திரம் கழுவுற தண்ணியை சாக்கடைக்கு விடாம வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்புங்க. கல்வாழைப் பூவை விடவா அந்தப் புல்லு அழகு?

3. வாசல்ல பந்தல். ஆடியில அவரை, பீர்க்கு போட்டா நிழலும் ஆச்சு, பூவும் ஆச்சு, குழம்புக்குக் காயும் ஆச்சு.

4. வேலி ஓரம் பிரண்டை, கத்தாழை. பூவுக்கு நித்தியகல்யாணி, டிசம்பர் பூ. அரளியும் தாங்கும், ஆனா விஷம். குழந்தைங்க இருக்கிற வீட்டுல வேணாம்.

5. வாசல் பூரா பேவர் பிளாக்கைப் பதிக்காதீங்க. கோலம் போட ஒரு இடம் விட்டுட்டு மிச்சத்துல சரளை பரப்புங்க. மழைத்தண்ணி உள்ள இறங்கட்டும். 2003ல சட்டம் போட்டதால எல்லா வீட்டுலயும் மழைநீர் சேகரிப்புக் குழி வந்துச்சு. எத்தனை குழியை அதுக்கப்புறம் நாம தூர் வாரினோம்?

6. செடி தூர்ல வேப்பஞ்சருகு, கடலைத்தொலின்னு மூடாக்கு போடுங்க. ஈரம் நாலு நாள் கூட நிக்கும்.

கடைசியா, "என் வீடு, என் போரு, என் தண்ணி, உனக்கென்ன?"ன்னு கேக்கிறவங்களுக்கு. காம்பவுண்டு சுவர் தரைக்கு மேலதான் சாமி இருக்கு. கீழ தண்ணிக்கு ஏது காம்பவுண்டு? உங்க போரு உறிஞ்சுறது பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் சேர்த்துள்ள தண்ணி. அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவுல அடிபம்புல காத்துதான் வருது. அங்க பொம்பளைங்க குடத்தை வரிசையில போட்டுட்டு உக்காந்திருக்காங்க. அன்னைக்கு அத்தான் புல்லுக்கு ஊத்தினது அவங்களுக்கு 15 குடம்.

இதை அத்தான்கிட்ட சொன்னேன். மூணு நாள் பேசலை. நாலாவது நாள் போன் பண்ணி, "மாப்ள, வேப்பங்கன்னு எங்க கிடைக்கும்?"ன்னார்.

டிஸ்கி: புல்லு இன்னும் அப்படியேதான் இருக்கு. பாதியைப் பிடுங்கினா பந்தல் போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கேன். அவரை விதை கைவசம் இருக்கு :-)